இருபதாவது கூடு

கூஹ்மோவில் அக்டோபர் முடியும்போது
என் கழுவுதொட்டியில் பாத்திரம் இருக்காது.
எட்டுத் துப்பாக்கிகளின் வெற்றுத் தோட்டாக்கள் இருக்கும்.
மூஸ் வேட்டைக் குழுவில்
தராசும் பொறுமையும் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.
மறுபடி நிரப்புகிற வேலை அதனால் என் தலையில்.

முதலில் பிரைமரைத் தட்டி எடுக்க வேண்டும்.
டிக். டிக்.
காபி டப்பாவுக்குள் சின்னச் சின்னக் கறுப்புக் காசுகள்.
பிறகு சுடுதண்ணீர், சிட்ரிக் அமிலம் ஒரு கரண்டி,
பாத்திர சோப்பு ஒரு சொட்டு,
கையில் உறை, ஈயத்துக்குப் பயந்து.
பத்து நிமிடம் போதும்.
அதற்குமேல் ஊறினால் பித்தளை செம்பாகச் சிவக்கும்,
அப்புறம் அதை நம்ப முடியாது.

ராய்மோவின் பை கடைசியில் வந்தது.
என் கொழுந்தன். சிக்கனக்காரன்.
ஒரு கூட்டைக்கூடக் காட்டில் விட்டு வரமாட்டான்.
ஆகஸ்டில் இருபது நிரப்பிக் கொடுத்திருந்தேன்.
குறிபார்த்துப் பழகியதில் பதினாறு போனது.
குழு நோட்டில், அவன் கையெழுத்தில், மூன்று:
காளைக்கு இரண்டு, கன்றுக்கு ஒன்று.
ஆக, ஒன்று இன்னும் உயிரோடு
அவன் பெட்டியில் இருக்க வேண்டும்.

எண்ணினேன்.
இருபதும் வெறுமை.

இரண்டிரண்டாக மறுபடி எண்ணினேன்.
ஒன்றின் கழுத்துக்குள் பாசி,
சதுப்பில் மட்டும் வளர்கிற வெளிர்ப்பாசி,
பிழிந்தால் சொட்டும்போல் ஈரம்.
அவனுக்கு ஒதுக்கிய இடமோ மொட்டைப் பாறை.

புதன்கிழமை பிர்யோவின் நாய்
ஒரு பெண் மூஸைக் கண்டுபிடித்தது.
கீழ்த்தாடை தொங்க, குடிக்க முடியாமல்,
வயிறுவரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்ததாம்.
பிர்யோதான் முடித்துவைத்தாள்.
யார் சுட்டது என்று கூட்டத்தில் கேட்டார்கள்.
பக்கத்துக் குழுவாக இருக்கும் என்றான் ராய்மோ,
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே,
ஓரம்வரைக்கும் ஒழுங்காக.

முழங்கால் புதையப் புதைய
அந்தச் சதுப்பில் குனிந்து தேடியிருக்கிறான்.
மூஸை அல்ல.
கூட்டை.

கறை போகத் தேய்ப்பதற்குப் பெயர் துலக்குவது.
துப்பைத் தோண்டி வெளியே எடுப்பதற்கும் அதே பெயர்.
அன்று இரவு இரண்டும் ஒரே தொட்டியில் கிடந்தன.
தண்ணீர் மெல்லப் பச்சையாகிக்கொண்டிருந்தது.
பத்தொன்பதைப் போட்டேன்.
ஒன்றைப் போடக் கை நீண்டது, திரும்பியது,
மறுபடி நீண்டது.
பத்து நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லோரும் குளித்து முடித்த சௌனாவின்
அடங்குகிற சூட்டில், பலகையில் துண்டு விரித்து,
வாய் கீழாகக் காயவைத்தேன்.
விடியும்போது பத்தொன்பதும் தேன் நிறம்.
ஒன்றில் பிர்ச் இலை ஒட்டியிருந்தது. ஊதிவிட்டேன்.

இல்போவிடம் சொல்லவில்லை.
சொன்னால் அவனும் சேர்ந்து சுமக்க வேண்டும்.
அவனுக்கு ஏற்கெனவே முதுகுவலி.

ஞாயிறன்று ராய்மோ வந்தான்.
காலணியைக் கழற்றவில்லை, மிதியடியிலேயே நின்றான்.
பெட்டியைத் திறந்து விரல் வைத்து எண்ணினான்,
எப்போதும் எண்ணுகிறவன்தான்.
பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.
விரல் காலிக் குழியில் போய் நின்றது.

ஒரு கூடு குறைந்தால்
ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருப்பவன்.

மூடினான்.
நன்றாகத் துலக்கியிருக்கிறாய் என்றான்.
காபி குடிக்கிறாயா என்றேன்.
வேண்டாம் என்றான்.
அந்தப் பதிலை இந்தச் சமையலறை
இதற்குமுன் கேட்டதில்லை.

ஜன்னல் கட்டையில் அது நிற்கிறது,
கழுத்தில் புகைக்கறுப்பும் உள்ளே பாசியுமாக.
காய்ந்துவிடும் என்று நினைத்தேன்.
காயவில்லை.
பக்கத்தில் பிர்யோவின் எண் எழுதிய காகிதம்.
இரண்டு முறை போனை எடுத்தேன்.
இரண்டாவது முறை
மூன்று மணி அடிக்கும்வரை வைக்கவில்லை.